கூடத்துத் திரை

மேனுவல்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர், அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அதே வாரத்தில் உயிரை விட்டது. பழுது பார்க்க வந்தவன் பெட்டியைத் திறந்து ஊதிப் பார்த்தான், டார்ச் அடித்துப் பார்த்தான், கடைசியில் மூடியை மறுபடி வைத்துத் திருகினான்.

"சார், இது செத்துப்போய் ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும். நீங்கதான் கவனிக்கல."

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவர் கம்ப்யூட்டரை எங்கே கவனிப்பது. சரி என்று தலையாட்டி அவனை அனுப்பிவைத்தார்.

மேனுவல்காரர் என்பது அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு விழுந்த பெயர். துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் பம்பு, மின்விசிறி என்று எதை வாங்கினாலும் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் இழுப்பறையில் தள்ளிவிடுவோமே, அதை மொழிபெயர்ப்பதுதான் அவர் பிழைப்பு. "நான் எழுதறதைப் படிக்கிறவங்க உலகத்துலயே ரெண்டு பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு கம்பெனியில தப்புக் கண்டுபிடிக்கிறவன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கம்ப்யூட்டர் போன செய்தியைக் கேட்டதும், வேறு ஊரில் குடியிருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, நான் வாங்கிக் கொடுத்த போனே ஒரு கம்ப்யூட்டர்தான். ஒரு கேபிள் வாங்குங்க. ஒரு முனையைப் போன்ல, இன்னொரு முனையை டிவியில சொருகுங்க. கீபோர்டும் மவுஸும் வயர் இல்லாமலே வேலை செய்யும். அம்மா பக்கத்துலயே உக்காந்து வேலை பார்க்கலாம்."

கடைசி வாக்கியம்தான் அவரை அசைத்தது. கம்ப்யூட்டர் இருந்தது பின்னறையில். மனைவியின் கட்டிலைக் கூடத்தில், ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். அவள் கூப்பிட்டால் பின்னறையில் காதில் விழாது. கேபிள் வாங்கி வந்தார். ஒரு மடக்கு மேசையைக் கட்டிலுக்கு முன்னால் போட்டு, அதில் கீபோர்டை வைத்து, சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கட்டில் அவர் முதுகுக்குப் பின்னால். இருவருக்கும் எதிரே ஒரே திரை.

கேபிளைச் சொருகியதும் போனில் முகப்புப் படமாக இருந்த பேத்தி, பொக்கை வாயோடு சுவர் நிறையச் சிரித்தாள்.

"அடேயப்பா, இவ்வளவு பெரிசாவா?" என்று தலையணையிலிருந்து எழப் பார்த்தாள் மனைவி. "அவ மூக்குல சளி இருக்கு பாருங்க. போன்ல பார்த்தப்போ தெரியவே இல்லையே."

காலையில் அவருக்கு வேலை, மாலையில் அவளுக்கு டிவி என்று முதலில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாளிலேயே அந்த ஏற்பாடு தானாக உதிர்ந்துபோனது. அவளுக்கு டிவியில் வரும் எதையும்விட, புருஷன் தட்டித் தட்டி எழுதுவதைப் பார்ப்பதில் ருசி கண்டுவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்ன எழுதுகிறார் என்று அவள் படித்ததே இல்லை. அவளும்தான் வங்கியில் மாடாக உழைத்தவள். காசோலைகளில் இருக்கும் கையெழுத்து அசலா போலியா என்று பார்க்கும் மேசையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள்.

"'ஓடும் இயந்திரத்தினுள் கையை நுழைக்காதீர்கள்.' ஏங்க, இதைப் படிச்சுட்டுத்தான் ஒருத்தன் கையை வெளிய எடுப்பானா?"

"அப்படி ஒருத்தன் இருந்தா கம்பெனி மேல கேஸ் போட்டுடுவானே. அதுக்குத்தான்."

"கையே இல்லாம எப்படிப் போடுவான்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கும். வலித்தாலும் விடமாட்டாள். கொஞ்ச நாளில் அவள் சொல்லும் திருத்தங்களை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். "'உறுதி செய்துகொள்ளவும்'னு வரிக்கு வரி போடறீங்க. 'பாருங்க'ன்னு போட்டா ஆகாதா?" என்பாள். போட்டார். கம்பெனியிலிருந்து, நடை நன்றாக வந்திருக்கிறது என்று பதில் வந்தபோது, அதையும் திரையில் விரித்து அவளுக்குக் காட்டினார். அவள் முகம் பூரித்துப்போனது.

கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றும். தோன்றிய மறுகணமே அந்த நினைப்பை உதறிவிட்டு மறுபடி தட்டத் தொடங்குவார்.

ஏனென்றால் அவள் பிழைக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன், டாக்டர் அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "இனிமே கொடுக்கிற மருந்தெல்லாம் வலியைக் குறைக்கத்தான், நோயைக் குறைக்க இல்லை" என்று, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். டாக்டர் போனதும் அவர் வராந்தா ஓரமாக நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் அழுது தீர்த்துவிட்டு, "அம்மாகிட்ட மூச்சு விடாதீங்கப்பா, நொறுங்கிப் போயிடுவாங்க" என்றாள். அவரும் கல்லீரலில் வீக்கம், மாத்திரையில் வற்றிவிடும் என்று ஒரு பொய்யைச் சொல்லி மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அதன்பின் அப்பாவும் மகளும் அவளுடைய நோயைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை. எல்லாம் செய்தியாகவே போகும், வரும். போனில் பேசினால் கட்டிலுக்குக் கேட்டுவிடுமே.

போனை டிவியில் சொருகும்போதெல்லாம் செய்தியோ அழைப்போ திரையில் தலைகாட்டாதபடி ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்திவைக்க மகளே சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்கும் மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டார். முந்தின நாளிலிருந்து மனைவிக்கு வலி கூடியிருந்தது. மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார். காலையில் கூப்பிடுகிறோம் என்றிருந்தார்கள். அந்த அழைப்பு தவறிப்போய்விடக் கூடாதே என்று பொத்தானைத் தொடாமல் விட்டுவிட்டார்.

பம்பு ஒன்றின் மேனுவல் ஓடிக்கொண்டிருந்தது. "'காற்றடைப்பு'ன்னா என்ன?" என்று பின்னாலிருந்து கேட்டாள். அவர் விளக்க வாயெடுத்தார். அப்போது திரையின் மேற்பகுதியில் ஒரு வெள்ளைக் கட்டம் இறங்கியது.

*அப்பா, இன்னைக்காவது அம்மாகிட்ட சொல்லிடுங்க. இனிமே குணமாகாதுன்னு தெரிஞ்சும் நாம இப்படி நடிக்கிறது எனக்கு...*

மகளுக்குச் சில நாளாகவே மனசு மாறியிருந்தது. சொல்லிவிடலாம் என்றாள். அவர்தான் நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் பதறிப்போய் மவுஸைப் பிடித்தார். அந்தக் கட்டத்தை ஒதுக்கித் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். போனில் என்றால் விரலால் ஒரு தள்ளு. மவுஸில் எப்படி என்று கை திணறியது. அம்பு கட்டத்தைத் தாண்டி ஓடியது, திரும்பி வந்தது, விரல் தவறி அழுத்திவிட்டது. கட்டம் மறையவில்லை. விரிந்தது. பம்பு போய், அப்பாவும் மகளும் இத்தனை நாள் எழுதிக்கொண்டதெல்லாம் கூடத்துச் சுவரை நிறைத்துக்கொண்டு நின்றது.

எடுத்த எடுப்பில் கண்ணில் பட்டது அவர் எழுதியதுதான். *இன்னைக்கு ரொம்ப உற்சாகமா இருந்தா. அடுத்த வருஷம் சமையலறை அலமாரியை இடிச்சுட்டுப் புதுசா போடணுமாம். பாவம், திட்டமெல்லாம் போடுறா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன்.*

அவர் கேபிளைப் பிடுங்கினார்.

திரை நீலமானது. சிக்னல் இல்லை என்று ஒரு வரி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெல்ல நகர்ந்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பிடுங்கிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சொருகுங்க" என்றாள்.

"அது வந்து... அவ மாமியாரைப் பத்தி ஏதோ..."

"நான் இன்னும் முழுசா படிக்கல. சொருகுங்க."

"வேணாம்மா. சொன்னா கேளு."

"நீங்க சொன்னதைத்தானே இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டிருந்தேன்."

குரல் உயரவில்லை. வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது. அவர் சொருகினார்.

"ஆரம்பத்துக்குப் போங்க. ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பின அன்னைக்கு."

மவுஸின் சின்னச் சக்கரத்தை உருட்டினார். எழுத்துக்கள் கீழ்நோக்கி ஓடின. மனைவிக்கு மேனுவலைப் பக்கம் பக்கமாக உருட்டிக் காட்டிய அதே விரலால், இப்போது இதையும் உருட்ட வேண்டியதாயிற்று. டாக்டர் கொடுத்த அறிக்கையைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பியிருந்தார். அது திரை முழுக்க வந்தபோது, "நில்லுங்க" என்றாள். படித்தாள். "போங்க" என்றாள். மகள் அழும் முகங்களாக அனுப்பியிருந்ததைத் தாண்டினார்கள். எப்போது லீவு போட்டுவிட்டு வருவது, முன்னாலேயே வந்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வராதா என்று இருவரும் கணக்குப் போட்டதைத் தாண்டினார்கள். அவள் எதை எவ்வளவு சாப்பிட்டாள், எதற்குச் சிரித்தாள், எத்தனை தடவை வாந்தி எடுத்தாள் என்று அவர் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். *கை இல்லாதவன் கேஸ் போடுற கதையைச் சொல்லிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். சிரிக்காட்டி சந்தேகப்படுவாளே.*

அந்த வரியில் அவள் "நில்லுங்க" என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கை தானாக நின்றுவிட்டது.

"போங்க" என்றாள்.

கடைசிக்கு வந்ததும் மகளுடைய புதுச் செய்தி முழுசாகத் தெரிந்தது. அதையும் படித்து முடித்தாள். அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அழவில்லை. போர்வையின் ஓரத்தைப் பிடித்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரி விஷயம் நான் சும்மா பேச்சுக்குச் சொன்னது. அதையும் போய் அவகிட்ட எழுதியிருக்கீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் பெயர் சுவர் நிறைய எழுந்து நின்று அதிர்ந்தது. பேசினார். புது மாத்திரையின் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னார்கள். அவர் "சரி, சரிங்க" என்று எழுதிக்கொண்டார். பேசி முடித்துத் திரும்பியபோது, மனைவி ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அவகிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றாள், திரும்பாமலே. "அவ அனுப்பினதுலதான் எனக்குத் தெரிஞ்சுதுன்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் குமைஞ்சே போயிடுவா. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். இதையாவது ஒழுங்கா செய்யுங்க."

அன்றிலிருந்து அவர் டிவியைத் தொடவில்லை. கேபிளைச் சுருட்டி இழுப்பறையில் போட்டார். சமையலறை மேடையில், அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து வேலை செய்தார். உள்ளங்கையளவு திரையில் எழுத்து எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மூக்குக்கு இறக்கியும் பார்த்தார். பம்பு மேனுவலில் ஒரு பக்கத்தையே விட்டுவிட்டு அனுப்பி, கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பினான். இத்தனை காலத்தில் அப்படி நடந்ததே இல்லை. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூடத்தில் ரிமோட்டை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். அவள் டிவியைப் போடவில்லை.

மகள் வீடியோவில் கூப்பிடும்போது மட்டும் அவளுக்கு உயிர் வந்துவிடும். தலையைக் கோதிக்கொண்டு, தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, போனை வாங்கிக்கொள்வாள். "வீக்கம் கொஞ்சம் வத்தின மாதிரிதான்டி இருக்கு. உங்கப்பாதான் சரியா சாப்பிட விடமாட்டேங்கிறாரு, பத்தியமாம் பத்தியம்" என்று கலகலப்பாகப் பேசுவாள். பேத்திக்கு முத்தம் கொடுப்பாள். பேசி முடித்ததும் போனை அவர் பக்கமாக நீட்டுவாள். அதற்குள் முகம் அணைந்திருக்கும். மகள் தனியே செய்தி அனுப்புவாள்: *அம்மா எவ்வளவு தைரியமா பேசறாங்க. நீங்க சொன்னதுதான் சரி. சொல்ல வேணாம்ப்பா, விட்டுடலாம்.* அவர் *சரிம்மா* என்று பதில் போடுவார்.

அவருடன் அவள் பேசாமல் இல்லை. தண்ணி, மாத்திரை, ஜன்னலைச் சாத்துங்க, காலைப் பிடிச்சுவிடுங்க. கேட்டதற்குப் பதில் வரும். ஒருநாள் அவளுக்குத் தலைவாரிவிடும்போது அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சீப்போடு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் திட்டிடு. எதையாவது தூக்கி அடிச்சுடு. இப்படி இருக்காதே."

"எதுக்குத் திட்டணும்? என் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"நான் பயந்துட்டேன். உங்கிட்ட சொல்லிட்டா உன் மூஞ்சியைத் தினம் எப்படிப் பார்க்கிறதுன்னு பயந்துட்டேன். உனக்காக இல்ல, எனக்காகத்தான் மறைச்சேன்."

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"சாகறது கூடப் பரவாயில்லைங்க. வயசாகலைன்னாலும், சரி, வந்துடுச்சு. ஆனா நீங்க என் பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்களே, அந்த நாளெல்லாம். நான் உண்மையாவே நல்லா இருந்தேன் அப்போ. வலியோடவும் நல்லா இருந்தேன். கடைசியா இதாவது கிடைச்சுதேன்னு நெனச்சேன். இப்ப அதுல எது நெசம், எது எனக்காகப் போட்ட வேஷம்னு பிரிக்கத் தெரியல."

"எல்லாமே நெசம்தான். சத்தியமா நெசம்தான்."

"'சிரிக்காட்டி சந்தேகப்படுவாளே'ன்னு எழுதியிருக்கீங்களே."

"அன்னைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்துது. நெசமாவே வந்துது. நீ இந்த நிலைமையில இருக்கும்போது சிரிச்சேன்னு மககிட்ட எழுத வெக்கமா இருந்துச்சு. அதான் அப்படி எழுதினேன்."

அவர் சொன்னது உண்மை. அதைவிடப் பெரிய உண்மையை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை. ஆனால் சொல்லும்போதே, இதுவும் பூசி மெழுகுவது போலத்தான் அவருக்கே காதில் விழுந்தது.

"இருக்கலாம்" என்றாள் அவள். "வாழ்க்கை பூரா கையெழுத்தைப் பார்த்தே எது அசல்னு சொன்னவ நான். உங்க விஷயத்துல எனக்குச் சொல்லத் தெரியலைங்க. சொல்லிடணும்னு எனக்கும் ஆசைதான். நேரம்தான் இல்ல." சீப்பை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி, மிச்ச முடியைத் தானே வாரிக்கொண்டாள். பாதியிலேயே கை சோர்ந்து விழுந்தது. அவர் எடுத்து வாரிமுடித்தார்.

மகள் பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது, அம்மா அநேகமாக முழு நேரமும் மயக்கத்தில்தான் இருந்தாள். விழிப்பு வந்த நேரத்தில் பேத்தியின் காலைப் பிடித்துப் பார்த்து, "செருப்பு சின்னதாயிடுச்சே, புதுசு வாங்கிக் கொடு" என்றாள். அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயசைத்தாள். அவர் குனிந்து காதை வைத்தார். மூச்சுதான் கேட்டது, சொல் வரவில்லை. அதற்குப் பிறகு விழிப்பு வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்துபோனபின், அப்பாவும் மகளும் கூடத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக்கு எடுத்த கட்டிலை ஆட்கள் வந்து லிஃப்ட் வழியாக இறக்கிக் கொண்டுபோனார்கள். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் வெளுத்திருந்தது. மகள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

"ஒரு சமயம் சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு உங்களைப் போட்டுப் பாடாப் படுத்தினேன். நல்லவேளை, நீங்க கேக்கல. நான் சொன்னபடி செஞ்சிருந்தா அம்மா இப்படிச் சிரிச்ச முகமா போயிருப்பாங்களா?" அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால மட்டும்தான்ப்பா முடிஞ்சுது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு துணை அமையும், சொல்லுங்க."

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். மகள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "வேலையை விட்டுட்டு எங்ககூட வந்துடுங்க. இங்க தனியா உக்காந்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"பார்க்கலாம்மா."

உள்ளே பிள்ளை அழுதது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போகும்போது, "அப்பா, உங்க போனைக் கொஞ்சம் கொடுங்களேன், அம்மா பேசினது ஏதாவது பதிவாகியிருக்கான்னு பார்க்கிறேன்" என்று கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

அதில் மனைவியின் குரல் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கூடவே இருப்பவள் குரலை யார் பதிவு செய்து வைப்பார்கள். உள்ளறையில் மகள் தேடிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில், வெளுத்த தரையை மிதிக்காமல் சுவரோரமாக நடந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மனைவி கடைசியாக வாயசைத்தாளே, அது என்ன சொல்லாக இருந்திருக்கும் என்று உதடுகளை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. "இல்லையேப்பா, எதுவுமே காணோமே" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"இருக்காதும்மா" என்றார்.